கடல்நாக்கார் சிவப்புத் தட்டு கவர்ந்த படலம்

வருக, வரிசைகளை வென்றவரே. பச்சை வசாபிக் காரவிழுது மலையைக் கருஞ்சோயாக் கடலில் கரைத்துச் சேறாக்கும் செம்மலே, இரு கோல் ஏந்தி ஒரு கோல் நழுவவிடும் இணையிலாக் கையரே, முந்நூற்றுப் பதினோரு கடைகளின் தலையில் நட்சத்திரம் சூட்டியும் பறித்தும் செங்கோல் ஓச்சும் நாவின் அதிபரே, உம் கொற்றம் வாழ்க, உம் பசி ஓங்குக. ஆனால் அந்த இண்டிகேட்டரை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினால் புண்ணியமாகப் போகும், பின்னால் லாரி வருகிறது.

இவ்வளவையும் அவள் மனத்துக்குள்தான் சொன்னாள். காரின் பின்னிருக்கையில், மடியில் அக்காவின் கைப்பையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தவர்கள், சாலையோரப் பலகைகளை வாசித்துக்கொண்டு வருகிறாள் என்றே நினைத்திருப்பார்கள். எரிச்சல் வந்தால் சிலர் விரலைச் சொடுக்குவார்கள், சிலர் பல்லைக் கடிப்பார்கள். பிறருக்குப் பல் செய்து பிழைப்பவள் என்பதாலோ என்னவோ, அவள் பல்லைக் கடிப்பதில்லை, மெய்க்கீர்த்தி பாடுவாள். பல் செட் செய்யும் கூடத்தில், மெழுகு உருகும் நெடியில், யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையின் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும்போது, “ஒரு கடவாய்ப் பல்லுக்கு இவ்வளவு நேரமா” என்று மேலாளர் கேட்டால், அவருடைய குலமென்ன, கொடியென்ன, முரசென்ன என்று உள்ளே ஒருத்தி எழுந்து முழங்கத் தொடங்கிவிடுவாள். மனிதர்களை வெறுக்காமல் இருக்கத் தான் கண்டுபிடித்த வழி அது என்று வெகுநாள் நம்பியிருந்தாள். அண்மையில்தான், அது வெறுப்புக்கு உடுத்திய பட்டாடையோ என்ற சந்தேகம் வந்திருந்தது.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அத்தான், அக்காவின் கணவர். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவர் தொழில். கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, பெட்டிக்குள் ஒரு சான்றிதழை ஒட்டிவிட்டு வருவார். ஏறி இறங்கும் இரும்புப் பெட்டிகளுக்கு மட்டும் சான்று வழங்கி ஆறுகிற மனமா அது? ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக விருந்தில் தம் வாழ்வின் முதல் சுஷியை, அந்த ஜப்பானிய மீன்சோற்று உருண்டையை, அவர் விழுங்க, விழுங்கியது தொண்டையைத் தாண்டுமுன்பே இவ்வுலகில் சுஷி தின்போர் அனைவரும் வழிகாட்டி இன்றித் தவிப்பதாக அவருக்குத் தோன்ற, அன்று மாலையே ‘கடல்நாக்கு’ என்ற பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் உதித்தது. ஞாயிறுதோறும் ஒரு கடை, ஒரு படம், ஒரு தீர்ப்பு. அடியார்கள் பெருகினார்கள். கடல்நாக்கார் என்று அழைத்தார்கள். ஒரு கடையின் சோறு பேசுகிறது என்று அவர் எழுதினால் அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடமிருக்காது. இன்னொன்றின் சோறு முணுமுணுக்கிறது என்று எழுதினால் அதன் முதலாளி மறுநாளே தொலைபேசியில் கெஞ்சுவார்.

“அவருக்குச் சோறு பேசுறது கேக்குமாம்” என்பாள் அக்கா. “வீட்ல நான் பேசுறதுதான் கேக்காது.”

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கணவரின் படையெடுப்பு ஒவ்வொன்றுக்கும் அவள் உடன் செல்வது வயிற்றெரிச்சல் மாத்திரைகள் நிறைந்த கைப்பையோடுதான். இப்போது தங்கையின் மடியில் இருந்தது அந்த அம்பறாத்தூணி.

இன்றைய படையெடுப்பு கடையின் மீதல்ல, தன் மீதுதான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

சென்ற வாரம் ஒரு பேனாவைத் தேடி அக்கா அவள் பையைத் துழாவியபோது, சுஷி தின்னும் குச்சிகளைச் சுற்றி வைக்கும் காகித உறை ஒன்று அகப்பட்டது. வெள்ளை உறை. அதில் கடையின் பெயர் இல்லை, படம் இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை. அக்கா அதை விளையாட்டாகத்தான் கணவரிடம் நீட்டினாள். அவரோ, புதைந்த நகரத்தின் முதல் செங்கல்லைக் கண்டெடுத்தவரைப் போல அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்து, இறுதியில் உணவு மேசையின் தலைமாட்டில் எழுந்து நின்று ஒரு பிரகடனம் செய்தார்.

“பேரு போடாத கடைதான் நிஜமான கடை. இவ எங்கேயோ ஒண்ணு வச்சிருக்கா.”

அன்றிலிருந்து ஆறு நாட்கள் முற்றுகை. காலையில் பல் துலக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டார். “எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. வடக்கா, தெற்கா.” அவள் அந்த வீட்டின் மாடியறையில் நான்கு ஆண்டுகளாக இருப்பவள், வாயில் நுரையோடு பதில் சொல்ல முடியாது என்ற சலுகையை எத்தனை நேரம்தான் நீட்டிக்க முடியும்? ஏழாம் நாள், கோட்டை பணியாததால் விருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு மதியம், நகரத்திலேயே பெரிய சுழல் பெல்ட் சுஷிக்கடை. “நான் என் கடையக் காட்டுறேன், நீ உன் கடையக் காட்டு. நியாயம்தானே.”

ஒரு கடைதானே, சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு முந்தைய வரலாறு தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இன்னொரு கடை இருந்தது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், ஒன்பது முக்காலிகள், ஓட்டுநர்கள் சீருடையோடு வந்து சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போகும் இடம். அப்போது அவள் வெள்ளந்தியாக இருந்தாள், சாப்பிட்டது நன்றாக இருந்தது என்று வீட்டில் சொன்னாள். கடல்நாக்கார் தோன்றினார், தின்றார், ‘நான் கண்டெடுத்த முத்து’ என்று எழுதினார். இரண்டு மாதத்தில் அந்த வாசலில் எண் அச்சடித்த சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். முக்காலிகளை அகற்றிவிட்டு நாற்பது பேர் உட்காரும் மேசை போட்டார்கள். மீனின் மேல் சீஸை ஊற்றி, மேலே நெருப்புக் காட்டினார்கள், படம் பிடிக்க அதுதான் வசதி என்று. கடைசியாக அவள் போனபோது கையில் கிடைத்த சீட்டின் எண் நாற்பத்து மூன்று. சுவரில், சட்டமிட்ட படத்துக்குள், இரு கோல் ஏந்தி அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய கடைக்கு ஆறே இருக்கைகள். சைக்கிள் பழுதுபார்க்கும் இடத்துக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், நுழைவாயில் என்று தோன்றாத ஒரு கதவு. உள்ளே மணிக்கட்டில் பழைய தீக்காயம் உள்ள ஒரு பெண்மணி. செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து, விரலிடுக்கில் மெழுகுத் துணுக்குகளோடு அவள் போய் உட்காருவாள். கடைக்காரம்மா எதுவும் கேட்பதில்லை. சோற்றை எடுத்து மூன்று அழுத்தில் உருட்டி, வினிகரில் நனைந்த கானாங்கெளுத்தித் துண்டை மேலே படுக்கவைத்து, மரப்பலகையில் வைத்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தத் திருப்பத்துக்காகவே அவள் அங்கே போகிறாள். கையால் எடுத்து வாயில் வைத்தால், சோறு உள்ளங்கைச் சூட்டில் இருக்கும், மீன் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், இரண்டும் சேர்ந்து கரையும் வரைக்கும் அவள் முகத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். அங்கே இருக்கும் முக்கால் மணி நேரமும் உள்ளே முழங்குகிறவள் வாய் திறப்பதில்லை. பாட அங்கே யாருமில்லை, வெறுக்கவும் யாருமில்லை. வாரத்தில் அந்த முக்கால் மணி நேரம்தான் தான் நல்லவளாக இருக்கும் நேரம் என்று அவள் ரகசியமாகக் கணக்கு வைத்திருந்தாள்.

கொடுக்கச் சொல்லிக் கேட்கப்பட்டது அதுதான்.

இனிக் களம் காண்போம். நீள்வட்டமாக வளைந்து, சமையற்கட்டின் ரப்பர் திரையைப் பிளந்து வெளிப்பட்டு, கூடம் முழுதும் ஊர்ந்து, மறுபடி அத்திரைக்குள் புகுந்து மறையும் கறுப்புப் பெல்ட். அதன் முதுகில் மஞ்சளும் நீலமும் பச்சையுமாகத் தட்டுகள், கொடி பிடித்த படைபோல் வரிசை குலையாமல் செல்ல, இருமருங்கிலும் குழாய்களில் வெந்நீர் சீற, மூடிகள் திறக்க, குச்சிகள் முறிய, கைகள் நீள, குழந்தைகள் அலற, அந்த ஆரவாரத்தின் நடுவே கடல்நாக்கார் இடுப்பில் கை வைத்து நின்று நிலம் அளந்தார்.

அவருக்கென ஒரு போர்நூல் உண்டு. அதன் முதல் விதி, சமையற்கட்டு வாசலுக்கு அடுத்த இருக்கையைப் பிடிக்க வேண்டும், வெளிவரும் தட்டின் முதல் பார்வை தனக்கே கிடைக்க வேண்டும். இரண்டாம் விதி, ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னால் பதித்திருக்கும் தொடுதிரையை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் அதில் வேண்டியதைத் தொட, மேலே இருக்கும் இன்னொரு சிறிய தடத்தில் அது சுடச்சுட வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் தொடமாட்டார்.

“தொட்டுக் கேக்குறது சரணாகதி” என்றார் இருவரையும் உட்காரவைத்துக்கொண்டே. “பெல்ட்டுல என்ன வருதோ அதுதான் சமையக்காரனோட மனசு. நாம மனசத்தான் சாப்பிடணும்.”

“எனக்கு அந்த முட்டை போட்டது வேணும்” என்றாள் அக்கா. “மனசு வர்ற வரைக்கும் நான் பசியோட இருக்கணுமா?”

“பொறு.”

முதல் விதிக்குத்தான் கேடு வந்தது. வாசலுக்கு அடுத்த இருக்கையில் ஏற்கெனவே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, பாதி கழற்றிய காலணிகளில் ஓய்வெடுக்கும் பாதங்கள். நின்று நின்று இரவைக் கழித்தவள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு கையால் திரையைத் தொடுவாள், வந்ததைத் தின்பாள், மறுபடி தொடுவாள். பெல்ட்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இப்பேரரசின் எல்லையில் இப்படி ஒருத்தி குடியிருக்க, அவளைத் தாண்டி வருகிற மிச்சத்தையே தாம் உண்ண வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் அத்தானின் நெற்றி நரம்பைப் புடைக்கவைத்தது.

“அந்தம்மா நல்லது எல்லாத்தையும் வடிகட்டுது” என்று கிசுகிசுத்தார்.

“அவங்க பெல்ட்ல கையே வைக்கலையேங்க.”

“அதான் தந்திரம்.”

இந்நேரத்தில்தான் ரப்பர் திரை விலகியது. கீழ்வானம் சிவந்து பிளக்க எழும் இளஞாயிறு என, கருந்தடத்தின் மேல் ஒரு சிவப்புத் தட்டு வெளிப்பட்டது. அதன் மேல் ஒரே ஒரு துண்டு. வெண்சோற்று மேடையில் சாய்ந்து படுத்த கொழுத்த டூனா மீன், அதன் மேனியெங்கும் பளிங்கில் ஓடும் கோடுகள் போல வெள்ளைக் கொழுப்பு வரிகள், மீது ஈரம் மினுங்கும் ஒளி. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை நிமிர்ந்து நின்றது. நர்ஸைத் தாண்டியது. அவள் தொடவில்லை. கடல்நாக்காரின் மூச்சு நின்றது.

மூச்சு நின்ற இன்னொருத்தி தங்கை. ஆனால் காரணம் வேறு. பதினொரு ஆண்டுகள் பல் செட்டுக்கு அக்ரிலிக்கைக் குழைத்து, ஊற்றி, வேகவைத்து, உரசி, மெருகேற்றிய கண் அது. ஈரம் என்பது அசையும்போது இடம் மாறும். இந்த மினுமினுப்பு தட்டு நகர்ந்தும் மாறவில்லை. சோற்றுப் பருக்கைகளின் இடுக்கில் நிழல் இல்லை, ஒரே அச்சில் வார்த்தது. வரிகளைத் தீட்டிய தூரிகையின் தடிமனைக்கூட அவளால் சொல்லியிருக்க முடியும். இரண்டாவது பூச்சு கொஞ்சம் தடித்துவிட்டது, நானாக இருந்தால் மறுபடி உரசியிருப்பேன் என்று தொழில்முறையில் ஒரு குறைகூடத் தோன்றியது. பார்வைக்கு வைத்த பொம்மை. வேண்டியவர்கள் திரையில் தொட்டுக் கேட்கட்டும் என்பதற்காகச் சுற்றிவரும் மாதிரி.

சொல்லலாம். இரண்டே சொற்கள். ‘பிளாஸ்டிக், அத்தான்.’ நாக்கின் நுனிவரை வந்து நின்றன அவை.

அதற்குள் வீரர் பாய்ந்துவிட்டார். இரு கோல் நீண்டன. ஒரு கோல் நழுவியது. மறு கோல் அந்தச் சின்ன அட்டையைத் தட்டிப் பெல்ட்டின் மேல் குப்புற வீழ்த்தியது. தட்டோ, கை தப்பிய பகைவன் தேர் போல, நிதானமாக, ஏளனம் செய்வது போலக்கூட, வளைவைக் கடந்து போயே போய்விட்டது. எதிர்வரிசையில் ஒரு குழந்தை கைகொட்டியது.

“சுத்தி வரும்” என்றார் அத்தான். அப்போது அவர் குரலில் இருந்தது பசியல்ல, நாடிழந்தவனின் சபதம்.

சுற்றி வர நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தில் நீலத் தட்டுகள் வந்தன, அவர் தொடவில்லை. அக்காவின் முட்டை வந்தது, அதையும் எடுக்க விடவில்லை, “இப்ப கவனம் சிதறக்கூடாது” என்றார். சேலைத் தலைப்பால் முகம் துடைத்த அக்கா, குழாயிலிருந்து வெந்நீரைப் பிடித்துத் தேயிலைப் பொடியைக் கலக்கினாள். தங்கையோ தன்னையே விசாரித்துக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை? இடம் கொடுத்து, சோறு போட்டு, நான்கு ஆண்டுகளாக ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் வைத்திருப்பவர். காய்ச்சல் கண்டபோது மாடிக்குக் கஞ்சி தூக்கி வந்தவர். இவர் ஒரு பொம்மையைத் தின்பதைப் பார்க்க எனக்கு ஏன் இவ்வளவு ஆசை? பதில் கிடைத்தது. அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டத்துக்குள் சிரித்த அந்தப் படம் நினைவுக்கு வந்ததும், பிடிக்காத பதிலோடு உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

இதற்கிடையே, குப்புற விழுந்த அட்டை தனியாக ஊர்வலம் போய், திரைக்குள் புகுந்து, வெளிவந்து, நர்ஸின் முன்னால் வந்தது. நர்ஸ் அதை எடுத்துப் படித்தாள். பின்னாலேயே சிவப்புத் தட்டும் வந்தது. பக்கத்திலிருந்த மனிதர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, இரு கைகளையும் பெல்ட்டின் மேல் விரித்துக் காத்திருப்பதைக் கண்ட அந்தப் புண்ணியவதி, விவரம் சொல்லலாம் என்று அட்டையைத் தூக்கிக் காட்டி, மறு கையைத் தட்டுக்கு மேல் நீட்டித் தடுத்து, “சார், இது...” என்று தொடங்கினாள்.

எல்லைக்கல் நட்டுத் தன் பெயர் பொறித்துத் தட்டைக் கைப்பற்ற முனையும் பகையரசி என்றே கடல்நாக்கார் அதை உணர்ந்தார். உணர்ந்த கணத்தில், மலையருவி பாறையைப் புரட்டுவது போலவும், வாயில் உடைந்த கோட்டைக்குள் யானை நுழைவது போலவும், கூட்டம் நிறைந்த லிஃப்டில் கதவு மூடுமுன் தொழில்முறைச் சோதகர் நுழைவது போலவும் அவருடைய வலக்கை நர்ஸின் கைக்குக் கீழாகப் புகுந்து, தட்டைப் பற்றி, இழுத்து, சோயாக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அக்காவின் தேநீரைச் சாய்த்து, மேசை மேல் அதை நிறுத்தியது. சோயா வெள்ளம் மேசை விளிம்பிலிருந்து அவர் மடிக்கு அருவியாக இறங்கியது. அவர் பொருட்படுத்தவில்லை.

“முதல்ல வந்தவங்களுக்குத்தான்” என்றார் நர்ஸிடம், பெருந்தன்மையோடு.

நர்ஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். நோயாளி மாத்திரை வேண்டாம் என்றால் எத்தனை முறை வற்புறுத்துவது என்று தெரிந்தவளின் பார்வை. அட்டையை அவருடைய தட்டுக்கருகில் வைத்துவிட்டு, தன் கானாங்கெளுத்திக்குத் திரும்பினாள். அட்டை எழுத்துள்ள பக்கம் கீழாக விழுந்திருந்தது.

வென்றதைத் தின்னுமுன் பாடவேண்டுமே. கைப்பேசி எழுந்தது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, கொழுப்பு வரிகளை நெருங்கி ஒன்று. ‘இந்த நகரத்தில் நான் கண்ட முதல் உண்மையான டூனா. இதன் மௌனமே பேசுகிறது’ என்று எழுதி, உண்ணாமலேயே ஐந்து நட்சத்திரம் சூட்டி, உலகுக்கு அனுப்பினார். பிறகு எஞ்சியிருந்த சோயாவில் வசாபியைக் கரைத்தார். குச்சியால் தூக்கப் பார்த்தார், வழுக்கியது. விரலால் எடுத்தார். கனமில்லை என்பதை அந்த விரல்களாவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

“பாரு, எவ்வளவு லேசா இருக்கு” என்றார் அவளிடம். “காத்து மாதிரி. உன் கடையில இப்படி வருமா?”

“வராது அத்தான்” என்றாள் அவள். அது உண்மை.

வாயில் வைத்தார். கண்களை மூடினார். கடித்தார்.

அச்சத்தம் அவளுக்குப் பழக்கமானது. பல் செட்டைக் கை தவறித் தரையில் போட்டால் வரும் சத்தம். கூடத்தின் ஆரவாரம் முழுதும் ஒருகணம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டது போலிருந்தது. கடல்நாக்காரின் தாடை மீண்டும் ஒருமுறை முயன்றது. பின்னர் இடப்பக்கம் மாற்றி முயன்றது. வீரன் களத்தில் புண்பட்டதை வெளிக்காட்டக் கூடாது என்ற பழைய அறத்தின்படி, வாய் நிறைந்த நிலையிலேயே ஒரு தீர்ப்பும் வெளிவந்தது.

“ஐஸ்ல... இருந்து... இப்பத்தான்... எடுத்திருக்கான்.”

அதற்குள் பணிப்பெண் வந்து நின்றாள். கையில் ஈரத்துணி. குரலில் கேலி துளியுமில்லை, அதுதான் கொடுமை.

“சார், அது சாம்பிள். பார்வைக்கு வச்சது. கொஞ்சம் குடுத்துடுறீங்களா, கழுவி மறுபடி விடணும்.”

பேரரசுகள் வீழும்போது ஓசை எழுவதில்லை. முந்நூற்றுப் பதினோரு கடைகளுக்குத் தீர்ப்பளித்த அந்த வாய் மெல்லத் திறந்தது. சோயாவில் குளித்த, பல்தடம் பதியாத, என்றும் இளமை மாறாத டூனா பணிப்பெண்ணின் துணியில் இறங்கியது. அவள் அதைத் துடைத்து, ஒரு கீறலும் இல்லை என்று பார்த்துத் திருப்தியடைந்து, எடுத்துச் சென்றாள்.

அக்கா முதலில் சிரிக்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு தோள்கள் குலுங்கின. “பேசுச்சாங்க?” என்றாள் கடைசியில். “என்ன சொல்லுச்சு?”

கைப்பேசி மேசை மேல் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. அடியார்களில் எவனோ ஒருவன் அந்தக் கடைக்கு வழக்கமாகப் போகிறவன். ‘ஐயா, அது பொம்மை. என் மகள் தினமும் அதுக்கு டாட்டா காட்டுவாள்’ என்று எழுதியிருந்தான். அதன் கீழே சிரிப்புகள் ஈசல் போல மொய்த்துக்கொண்டிருந்தன. அத்தான் படத்தை அழித்தார். அழித்த படத்தை வேறு யாரோ எடுத்து வைத்து மறுபடி போட்டார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய கண் அவளிடம் வந்தது.

“நீ பல்லு செய்யுறவ” என்றார் மெதுவாக. “உனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

பொய் சொல்ல நேரமிருந்தது. அவள் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

“தெரியும்.”

“எப்ப?”

“முதல் சுத்துலயே.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?” என்றாள் அக்கா, சிரிப்பு பாதியில் நின்று. “பல்லு கில்லு உடைஞ்சிருந்தா?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தக்க பதிலாக இல்லை. அத்தான் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபம் வந்தால் நல்லது, உள்ளே இருப்பவள் உடனே எழுந்து அவருக்கு நான்கு அடைமொழி சூட்டிவிடுவாள். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் சிறியதாக இருந்தது. மடியில் சோயா காய்ந்துகொண்டிருந்தது. பல்லால் பிளாஸ்டிக்கைக் கடித்த ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவள் அடைமொழிகளைத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

“போகட்டும்” என்றார். “நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. ஆனா இன்னைக்கு எதையாவது போட்டாகணும். போடலன்னா இந்தப் பொம்மைதான் நிக்கும், காலம் பூரா. ஆறு வருஷம் செஞ்சது எல்லாம் இதுதான்னு ஆயிடும்.” குரலைத் தாழ்த்தினார். “நீ சொல்லாம விட்டதுக்கு ஈடா வச்சுக்கோயேன். அந்தக் கடை எங்க இருக்கு? தெருப் பேரு மட்டும் போதும். உன் பேரையும் போடுறேன், நீதான் கண்டுபிடிச்சேன்னு.”

“சொல்லித் தொலையேன்டி, பாவம்” என்றாள் அக்கா. “ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னடி இவ்வளவு.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பெல்ட்டின் மறுபக்கம், கழுவித் துடைத்த சிவப்புத் தட்டு மறுபடி வலம் வரத் தொடங்கியிருந்தது. நர்ஸ் காலணிகளை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அத்தான் கேட்பது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தான் இழைத்தது சிறுமைதான் என்றும் தோன்றியது. அச்சிறுமைக்கு விலை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதும், கஞ்சி தூக்கி வந்த கை அது என்பதும், தான் மறுத்தால் இன்றிரவு மாடிப்படியில் ஏறும்போது அக்கா முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்பதும், ஒரு சொல்லில் இந்த மேசையின் மேல் அமைதி இறங்கிவிடும் என்பதும், அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் அந்தக் கதவின் முன்னால் எண்சீட்டோடு நாற்பது பேர் நிற்பார்கள் என்பதும், தீக்காய மணிக்கட்டுப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு பக்கமும் மிச்சமிருக்காது என்பதும், வாரத்தில் அந்த முக்கால் மணி நேரமும் போய்விட்டால் உள்ளே முழங்குகிறவள் ஏழு நாளும் முழங்கிக்கொண்டே இருப்பாள் என்பதும், முன்னும் பின்னுமாகத் திரண்ட இரு பெரும்படைகளென அவள் நெஞ்சின் நடுவெளியில் வந்து எதிரெதிரே நின்று, முரசு அதிர, சங்கு முழங்க, கொடிகள் அசைய, ஆணைக்காகக் காத்திருந்தன.

“இல்ல அத்தான், சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் அக்காவுக்கு ஒரு முட்டைத் தட்டை எடுத்து வைத்தாள்.